வீட்டுக்கு மிஞ்சியது

எனக்குச் சரவாங்கி இருக்கிறது. மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நோய் வந்து வெகுகாலம்வரை பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இங்கே சொல்லப்போகும் கெடுதல் முழுவதும் அந்தப் பெருமையால் வந்தது. நோயின் தலையில் இதைப் போட மாட்டேன்.

முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. நோயாளி எழுதுகிறாள் என்றால் படிக்கிறவர்களுக்கு மனம் இளகும். தயவுசெய்து இளக வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நோயைப் பற்றிச் சொல்லாமல் என் தவறு புரியாது. உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே இதில் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. விரல் கணு, மணிக்கட்டு, முழங்கால், பாதம் எல்லாம் வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரல் மடங்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. என் வீட்டில் குக்கர் மூடியைத் திறப்பது காலையில் முதல் சோதனை. சேலை மடிப்பை அடுக்கி ஊக்குக் குத்த என் மகள் வர வேண்டும். அவள் கையால் குத்திய ஊக்கோடுதான் நான் பள்ளிக்குப் போய், எனக்கு ஒன்றுமே இல்லை என்று நடித்தேன்.

மூட்டு வலியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அசதியைப் பற்றித் தெரியாது. காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறதே, அதற்குக் காரணமான வேதிப்பொருள்களில் சில இந்த நோயிலும் ரத்தத்தில் சுற்றுகின்றன. பலருக்கு ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தெம்பு என்று அளந்து கொடுக்கப்படுகிறது. கூடுதலாக எடுத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்கையில் கிடந்து அடைக்க வேண்டும்.

லூபஸ் நோயுள்ள அமெரிக்கப் பெண் கிறிஸ்டின் மிசராண்டினோ இதை விளக்கி 2003இல் ஒரு கட்டுரை எழுதினார். உணவகத்தில் தோழியின் கையில் 12 கரண்டிகளைக் கொடுக்கிறார். குளித்தால் ஒரு கரண்டி போகும், உடுத்தினால் ஒன்று போகும், ரயிலில் நின்றால் ஒன்று போகும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தோழியின் கையில் ஒரே ஒரு கரண்டிதான் மிஞ்சுகிறது. நீண்ட நோயோடு வாழ்கிறவர்கள் உலகம் முழுக்க இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். எண்ணுவதில் கெட்டிக்காரியாகவே இருந்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்பதில்தான் என் குற்றம் இருக்கிறது. எல்லாவற்றையும் பள்ளிக்குக் கொடுத்தேன். மிஞ்சியது வீட்டுக்கு. பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

மாத்திரைக் கணக்கிலும் அப்படியே செய்தேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் மாத்திரை. எடுத்த மறுநாள் எனக்குக் குமட்டலும் கிறுகிறுப்பும் இருக்கும், எழுந்திருக்கவே முடியாது. எந்தக் கிழமை வேண்டும் என்று மருத்துவர் என்னிடமே கேட்டார். யோசிக்காமல் சனிக்கிழமை ராத்திரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடக்கலாம், திங்கட்கிழமை பள்ளிக்கு நிமிர்ந்து போகலாம். என் மகளுக்கும் கணவருக்கும் கணவரின் அம்மாவான அத்தைக்கும் நான் கிடைக்கிற நாள் ஞாயிறு ஒன்றுதான். அதையும் எடுத்து மாத்திரைக்குக் கொடுத்தேன். அப்போது இதைத் திட்டமிடும் திறமை என்று நினைத்தேன்.

பத்தாம் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. நான் படியேறுவதைப் பார்த்துத் தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார். “டீச்சர், கால ஒரு மாதிரி வைக்கிறீங்களே, கீழ ரூம் மாத்தித் தரட்டுமா?” சுளுக்கு என்று சொன்னேன். பிறகு அவர் பார்க்கும்போதெல்லாம் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்.

எதற்கு அந்த வீம்பு? பயம். உடம்பு சரியில்லாதவள் என்று தெரிந்தால் பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். பொதுத்தேர்வு வகுப்பு எடுக்கிறவளுக்குப் பள்ளியில் ஒரு மரியாதை உண்டு. அதை இழக்க எனக்கு மனமில்லை. அதைவிட, பாவம் என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பெரிது. சட்டமும் எனக்கு ஒரு சாக்கானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. சரவாங்கி தனியாக அதில் இல்லை. கை கால் கோணி நடமாட்டம் குறைந்த பிறகு வேண்டுமானால் இயக்கக் குறைபாடு என்று சான்று கேட்கலாம். ‘அசதிக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?’ என்று எனக்குள் நியாயம் பேசிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை கேட்பதற்குச் சட்டம் எதற்கு? வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கும் இந்த நோய் இருந்தது. விரல்கள் கோணிப்போன பிறகும் 1919இல் சாகும்வரை வரைந்தார். அவரைப் பற்றி மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்ததையும், மற்றவர்கள் தூரிகையை எடுத்து அவர் கையில் வைத்ததையும் நான் படித்திருந்தேன். அந்தப் பகுதியை மாணவர்களிடம் சொன்னதில்லை. எனக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். பள்ளியில் சிரித்த முகம் வாசற்படியோடு சரி. உள்ளே நுழைந்ததும் படுத்துவிடுவேன். யாராவது எழுப்பினால் எரிந்து விழுவேன். மகள் பரீட்சைப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, “நான் செத்தா யார்கிட்ட கேப்ப?” என்று ஒரு தடவை கத்தியிருக்கிறேன். அவள் அதற்குப் பிறகு அறைக்குள் வருவதில்லை. வெளியே நின்று ஆச்சியிடம் மெதுவாகக் கேட்பாள், “அம்மா முழிச்சிருக்கா? தூங்குதா?” எனக்குக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்காததுபோல் கிடப்பேன். வீடு என்னைப் புரிந்து நடந்துகொள்கிறது என்று நினைத்தேன். வீடு என்னைப் பார்த்துப் பயந்துபோயிருந்தது.

அத்தைக்கு அப்போது எழுபத்தொரு வயது. நெடுநாள் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். சர்க்கரை கண்ணைத் தாக்கியதால் பார்வை மங்கல். ஊசியில் கோடு பார்த்து மருந்து ஏற்ற அவரால் முடியாது. அதனால் இரண்டு வேளையும் நான்தான் போடுவேன். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டதும் நான்தான். ஆக, மருந்தும் சாப்பாடும் என் கையை எதிர்பார்த்தே இருந்தன.

அந்த வருஷம் பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா. கண்காட்சி, மேடை அலங்காரம் இரண்டையும் நானே கேட்டு வாங்கினேன். அன்று காலை பழைய அட்டையில் மிச்சமிருந்த பிரெட்னிசோலோன் மாத்திரையை எடுத்துப் போட்டேன். அது ஸ்டீராய்டு. நானாக எடுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும், நினைத்தபோது போட்டு நினைத்தபோது நிறுத்தவும் கூடாது. அது தெரிந்தேதான் போட்டேன். கல்யாணம், விழா என்றால் இதற்கு முன்பும் போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கின. என்னிடம் இல்லாத தெம்பை அந்த மாத்திரை இருப்பதாகக் காட்டியது. நாற்காலி தூக்கினேன். ஏணியில் ஏறித் தோரணம் கட்டினேன். நாள் முழுக்க உட்காரவில்லை. “உங்களுக்கு எங்கருந்துதான் இவ்வளவு தெம்பு வருதோ” என்று ஒரு டீச்சர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அன்று அப்படி உழைத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

கணவர் வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். நானும் மகளும் வீடு வந்தபோது ஏழரை இருக்கும். மகள் விழாவிலேயே சாப்பாட்டுப் பொட்டலம் சாப்பிட்டுவிட்டாள். எனக்குக் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அத்தை எனக்காகக் காத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தேன். விரல் நடுங்கியது. கோட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அவர் சேலையைக் கொஞ்சம் விலக்கி, வயிற்றில் போட்டேன். அவருக்குப் போட்டது கலப்பு இன்சுலின். போட்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாவிட்டால் மருந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். பத்தாம் வகுப்புக்கு ஹார்மோன் பாடம் நடத்துகிறவள் நான். கணையம், இன்சுலின், ரத்தச் சர்க்கரை எல்லாம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லித் தருகிறவள். தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல வழியில்லை.

“அரை மணில தோசை ஊத்தித் தாரேன் அத்தை” என்றேன். மாவு இருந்தது. சட்னி அரைக்க வேண்டியதுகூட இல்லை, பொடி இருந்தது. அடுப்படிக்குப் போகும் வழியில் என் அறைக் கட்டில் கண்ணில் பட்டது. ஐந்து நிமிஷம் சாய்வோம் என்று நினைத்தேன். விழாவுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு படுத்தேன். அலாரம் வைக்கலாம் என்று தோன்றியது. கை நீட்டினால் போன் எட்டும். நீட்டவில்லை. மகளைக் கூப்பிட்டு, “ஆச்சிக்கு ரெண்டு தோசை ஊத்திக் குடு” என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஊற்றத் தெரியும். அதுவும் சொல்லவில்லை. எனக்கு முடியவில்லை என்று வாயால் சொல்வதை நான் என் வீட்டிலும் பழகியிருக்கவில்லை. தூங்கிப்போனேன்.

பிறகு நடந்ததை மகள் சொல்லித்தான் அறிந்தேன். நேரமானதும் அவள் கேட்டிருக்கிறாள், “அம்மாவ எழுப்பட்டா ஆச்சி?” அத்தை வேண்டாம் என்றிருக்கிறார். “அவளுக்கு மேலெல்லாம் வலி, தூங்கட்டும்ளா.” தானே தோசை ஊற்றட்டுமா என்று மகள் கேட்டதற்கு, “தோசக்கல்லு சத்தம் கேட்டா அம்மா முழிச்சிருவா” என்றிருக்கிறார். இரண்டு மேரி பிஸ்கட் தின்று, அரை டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மருமகள் மேல் இருந்த இரக்கம் என்று இதை எழுதி நகர்ந்துவிட முடியும். இரக்கம் இருந்தது உண்மை. எழுப்பினால் நான் என்ன சத்தம் போடுவேன் என்பதும் அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நடுராத்திரிக்கு மேல் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படி வாசலில் அத்தை கிடந்தார். சேலை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சுக் குழறியது. நெஞ்சு படபடத்து எழுந்தவர், சர்க்கரை டப்பாவைத் தேடி இருட்டில் நடந்திருக்கிறார். லைட்டைப் போடவில்லை. வெளிச்சம் என் அறைக்குள் அடிக்கும் என்று போடவில்லை. இதைப் பின்னால் அவரே என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

விரலில் குத்திப் பார்த்தேன். 41. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்கும் நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மகள் 108க்குப் போன் செய்தாள். அவள் குரல் நடுங்காமல் விலாசம் சொன்னது. பதிமூன்று வயதுப் பிள்ளை. ஆம்புலன்ஸிலேயே குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு தெளிந்தது. வலது கால் மட்டும் அசையவில்லை. தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்திருந்தது.

அவசர சிகிச்சையில் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். “ராத்திரி சாப்பிட்டாங்களா?”

நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, “எனக்குப் பசிக்கல டாக்டர். நான்தான் வேண்டாம்னுட்டேன்” என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை உணர்ந்தேன். தப்பித்தோம் என்ற நிம்மதி அது. ஸ்ட்ரெச்சரில் இடுப்பு ஒடிந்து கிடக்கிறவர் முன்னால் எனக்கு அந்த நிம்மதி வந்தது.

இதோடு நின்றிருந்தால்கூட என் பாவம் மௌனம் மட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. மறுநாள் தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் வந்தார். அழுதுகொண்டே தாயைத் திட்டினார். “ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடாம படுக்கலாமாம்மா? உனக்கு என்ன அவ்வளவு பிடிவாதம்?” அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். “நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மதினி. கேக்கல.”

மகள் என் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சையில் இடுப்பு மூட்டின் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைத்தார்கள். கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். எனக்கு நோய் கிளம்பி மூட்டெல்லாம் வீங்கி நானும் படுத்தேன். அதைப் பற்றி விரித்து எழுத எனக்கு உரிமையில்லை. மகளைப் பற்றி எழுதியாக வேண்டும். அவள் ராத்திரி அலாரம் வைத்து எழுந்து ஆச்சியின் நெற்றியைத் தொட்டு வியர்த்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை. பகலில் பள்ளியில் தூங்கி வழிந்தாள். அவள் வகுப்பு ஆசிரியை என்னிடமே வந்து புகார் சொன்னார். நான் செய்ய வேண்டிய காவலை என் பிள்ளை செய்தது. நான் சொன்ன பொய்யையும் அவள்தான் சுமந்தாள். அப்பா கேட்டபோதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பல மாதங்கள் கழித்துத்தான் கணவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அம்மாவுக்குத் தெரியுமா, நீ இப்ப என்கிட்ட சொல்றது?” என்று மட்டும் கேட்டார். நாத்தனாருக்குப் போன் செய்தேன். கேட்டு முடித்ததும் வைத்துவிட்டார். இப்போது தன் தாயிடம் பேசுகிறார், என்னிடம் பேசுவதில்லை. அவர் செய்வது சரி. மூட்டு மருத்துவரிடம் அந்தப் பழைய மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவர் சொன்னார், “முடியாத நாள்ல நோய் உங்கள நிறுத்திரும்மா. நல்லா இருக்கிற நாள்லதான் நீங்க நிறுத்தணும்.” களைத்த பிறகு ஓய்வெடுப்பதில் பயனில்லை, களைக்கும் முன்பே உட்கார வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே அவர் சொன்னதுதான். நான் குறித்துக்கூட வைத்திருந்தேன்.

தலைமையாசிரியைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். நோயின் பெயரை எழுதினேன். மறுநாளே வகுப்பு கீழ்த்தளத்துக்கு வந்தது. பத்தாம் வகுப்பை யாரும் பறிக்கவில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அந்தக் கடிதம் ஒரு வருஷம் முந்திப் போயிருந்தால் அத்தை இன்று வாசலில் இறங்கிக் கோலம் போடுவார். மங்கிய கண்ணோடும் விரல் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

வார மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு வீட்டாருக்கு. தோசை வார்த்து மூடி வைத்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்கிறேன். சொல்லும்போது இன்னமும் நாக்கு கூசுகிறது.

என்னைப்போல் நோயோடு இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூங்கும்போது உங்களை எழுப்ப வீட்டில் யாருக்காவது பயம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் உடனே பதில் சொல்லாவிட்டால் காத்திருந்து கேளுங்கள். நான் கேட்டபோது என் மகள், “இப்ப இல்லம்மா” என்றாள்.

அத்தை வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், அன்று சாப்பிடாமல் படுத்தது தன் தவறு என்றே இன்னும் சொல்கிறார். அது பொய். ஊசி போட்டவள் நான். சாப்பாடு போடாமல் தூங்கியவளும் நான்.